மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தரம் ஆறுக்கு வரப்போகும் புதிய பாடத்திட்டத்தை எதிர்த்து எங்கள் ஊரில் ஒரு கட்சிக்காரர்கள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். "அமெரிக்காவிலேயே நாடு முழுக்க ஒரே கல்வித் தரம் என்று கொண்டுவந்ததை மாநிலங்கள் தூக்கி எறிந்துவிட்டன. எங்களுக்கு மட்டும் ஏன் கொழும்பில் எழுதும் பாடத்திட்டம்? மாகாணமே எழுதட்டும்" என்கிறார்கள். என் மகள் 2027 இல் தரம் ஆறுக்குப் போகிறாள். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: மனு இப்போது இருக்கிறபடி என்றால் போடாதீர்கள். அமெரிக்கக் கதையில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், மீதியையும் கேளுங்கள்.

அங்கே பாடசாலைக் கல்வி மாநிலங்களின் கையில். 2002 இல் ஜோர்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி அடைய வேண்டும் என்றது, ஆனால் தேர்ச்சி என்றால் எவ்வளவு என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது. சில மாநிலங்கள் பரீட்சையை இலேசாக வைத்து "எங்கள் பிள்ளைகள் தேர்ச்சி" என்று அறிவித்தன, அதே மாநிலப் பிள்ளைகள் நாடு தழுவிய மதிப்பீட்டில் உட்கார்ந்தபோது உண்மை வெளியே வந்தது. இதைச் சரிசெய்யத்தான் 2009 இல் மாநில ஆளுநர்களின் சங்கமும் மாநிலக் கல்வித் தலைமை அதிகாரிகளின் சபையும் சேர்ந்து, மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டும் ஒரு பொதுத் தரத்தை எழுத ஆரம்பித்தன. 2010 இல் வெளியான அதன் பெயர் கொமன் கோர். நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. எழுதியது வொஷிங்டனில் உள்ள மத்திய அரசு அல்ல, ஆனால் ஒபாமா அரசு 435 கோடி டொலர் போட்டி நிதியொன்றை வைத்து, இப்படியான தரத்தை ஏற்கும் மாநிலத்துக்குக் கூடுதல் புள்ளி என்று அறிவித்தது. எதிர்ப்பவர்களுக்குப் பிடி கிடைத்தது அங்கேதான்.

அதன்பிறகு நடந்தது பெரும்பாலும் கட்சி அரசியல். லூசியானா ஆளுநர் பொபி ஜிண்டால் முதலில் இதை ஆதரித்தவர். 2014 இல் அப்படியே திரும்பி, மத்திய அரசுக்கு எதிராக வழக்கே போட்டார், அடுத்த வருடம் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இறங்கினார். அதே 2014 இல் முதலாவதாக விலகிய மாநிலம் இந்தியானா. விலகிப் புதிதாக எழுதிய தரமும் பழையதைப் போலவே இருக்கிறது என்று குறை சொன்னவர்கள் வேறு யாருமல்ல, கொமன் கோரை எதிர்த்தவர்களேதான். வேறு பல மாநிலங்களும் பெயரை மாற்றி, அங்கங்கே திருத்திவிட்டுப் பெரும்பகுதியை வைத்துக்கொண்டன. தூக்கி எறிந்தார்கள் என்பது இவ்வளவுதான்.

எல்லா எதிர்ப்பும் அரசியல் என்று நான் சொல்லவில்லை. பாடப் பொருள் கைக்கு வந்து பழகும் முன்னரே பரீட்சைப் புள்ளியை வைத்து ஆசிரியரை மதிப்பிட்டதில் ஆசிரியர்கள் கொதித்தார்கள், அது நியாயம். நியூயோர்க் மாநிலத்தில் 2015 இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைப் பெற்றோர் பரீட்சைக்கு அனுப்பவில்லை. அவர்கள் எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்த்தவர்கள்.

கொமன் கோரில் உள்ள ஒரு வரியைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பகுதியெண் வேறான பின்னங்களைக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும். இதில் எந்தக் கட்சி இருக்கிறது, எந்த இனம் இருக்கிறது? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தபோது ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' அடையாளம். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு, கூட்டினால் எப்படிக் குறையும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. திருத்திய ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சமய பாடத்துக்கு நியமனம் பெற்றவர், கணிதத்துக்கு யாரும் வராததால் எடுக்கிறார், குருக்கள்மடத்துத் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் போய்வருகிறவர். அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் எழுதப்போவது கொழும்புப் பிள்ளை எழுதும் அதே வினாத்தாளைத்தான். நாடு முழுக்க ஒரே தரம் என்று எழுத்தில் இருந்தால்தான் "இந்த வயதில் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், சொல்லிக்கொடுக்க ஆசிரியர் எங்கே" என்று அவளுடைய தாய் கேட்க முடியும். அந்தத் தாளையும் கிழித்துவிட்டால் கேட்பதற்கு ஆதாரம் எது?

"மாகாணமே எழுதட்டும்" என்பதற்கு வருவோம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 இல், சபையின் காலம் முடிந்தது 2017 இல். அதன்பிறகு ஆளுநர் ஆட்சிதான், அவரை நியமிப்பது ஜனாதிபதி. அப்படியானால் எழுதப்போவது யார்? மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கல்விப் பின்னிணைப்பு, பாடத்திட்டம் எழுதும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலோடு பாடத்திட்டத்தில் உள்ளூருக்கேற்ற மாற்றங்களைச் செய்ய மாகாணத்துக்கு ஏற்கனவே இடம் தருகிறது. மட்டக்களப்பு வாவியையும் கூத்தையும் நெல் வயலையும் பாடத்தில் கொண்டுவர வேண்டுமா, தாராளமாகக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் பின்னம் மாகாணத்துக்கு மாகாணம் மாறாது. பல்கலைக்கழக அனுமதி ஒரே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் நடக்கிற நாட்டில், கிழக்குக்கு வேறு தரம் எழுதினால் அடிபடப்போவது எங்கள் பிள்ளைகள்தான்.

கொழும்பு அளவுகோலை வைத்திருக்கிறது என்ற பயம் வெறும் பயம் இல்லை, அதை நான் மறுக்கமாட்டேன். 1971 இல் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூலத்தில் 229 புள்ளி போதும், தமிழ் மொழிமூலத்தில் 250 வேண்டும் என்றார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் அன்று நடந்த அநியாயம் என்ன? ஒரே பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு இரண்டு அளவுகோல் வைத்ததுதான். அதைச் சொல்லிக்கொண்டே இன்று வேறு வேறு அளவுகோல் கேட்பது எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் மட்டக்களப்பும் அம்பாறையும் நன்மை அடைந்தன என்பதையும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

சண்டை போட வேண்டிய இடங்கள் இல்லாமல் இல்லை. வரலாற்றுப் பாடநூலில் தமிழர், முஸ்லிம்கள் பற்றி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்புப் பிழைகளைப் பற்றி ஆசிரியர்கள் எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள். 2026க்கான தரம் ஆறு ஆங்கிலப் பாடத் தொகுதியில் பிள்ளைகள் பார்க்கக்கூடாத ஓர் இணையத்தளத்தின் முகவரி அச்சாகி வந்தது மன்னிக்க முடியாத கவனக்குறைவு, விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் எதிர்க்கட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டு பிரதமர் ஹரிணி அமரசூரிய விலக வேண்டும் என்று நின்றன, அரசு தரம் ஆறு மாற்றத்தை 2027க்குத் தள்ளிப்போட்டது, இந்தக் கூச்சலில் தமிழ்ப் பாடத் தொகுதிகள் எப்போது வரும், யார் சரிபார்ப்பது என்று கேட்ட அரசியல்வாதியை நான் காணவில்லை. 1970களிலும் இப்படித்தான், ஓர் அரசு சாதாரண தரத்தை எடுத்துவிட்டுத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழைக் கொண்டுவந்தது, 1977 இல் வந்த அரசு அதை எடுத்துவிட்டுப் பழையதைத் திருப்பிக் கொண்டுவந்தது. நடுவில் அகப்பட்ட பிள்ளைகளிடம் யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, உங்கள் கையெழுத்து. மனுவைக் கொண்டுவருகிறவர்களிடம் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: தமிழ் மொழிமூலப் பாடத் தொகுதிகள் சிங்கள மொழிமூலத்தோடு ஒரே நாளில் வர வேண்டும், அச்சுக்குப் போகும் முன் கிழக்கு ஆசிரியர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும், மட்டக்களப்பு மேற்கு வலயத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பிவிட்டுத்தான் தரம் ஆறைத் தொடங்க வேண்டும். "பாடத்திட்டமே வேண்டாம்" என்ற வரியை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்த்தால் முதல் ஆளாகப் போடுங்கள். சேர்க்க மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.