அமெரிக்காவில் இத்தனை துப்பாக்கிச் சாவுகள் நடந்தும் ஏன் தடை போடவில்லை?

சட்டத்தின் பதில் நேரடியானது. 1791இல் வந்த இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. அது தனிநபர் உரிமை, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. முழுத் தடை வேண்டுமென்றால் அந்தத் திருத்தத்தையே மாற்ற வேண்டும்; அதற்கு 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அது நடக்காது.

சரி, அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். நமக்குச் செய்தியாக வருவதெல்லாம் பள்ளிக்கூடப் படுகொலைகள்தான்: 2012இல் சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகள், 2022இல் யுவால்டியில் 19 குழந்தைகள். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆனால் அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதே என் ஆதங்கம். சாகும் எண்ணம் பல நேரங்களில் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மனம் மாற அவகாசமே கிடைக்காது.

காவல்துறை வந்துசேர வெகுநேரமாகும் கிராமப்புறத்தில் ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அதைப் பூட்டி வைக்கச் சொல்வது அவருடைய உரிமையைப் பறிப்பதாகாது. அப்புறம், ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் சட்டமும் இருக்கிறது. துப்பாக்கி ஆதரவு வலுவாக இருக்கும் புளோரிடாவே, பார்க்லாந்து பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018இல் அதைக் கொண்டுவந்தது.