வாசகர் கேள்வி–பதில்: பழைய கடைத்தெருவும் ஊராரின் துணையும்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் வாழ்கிறேன். எங்கள் கடைத்தெருவின் இரு வரிசைகளும் இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்தவை. ஒரு வரிசையை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது கோவில் மண்டபம் கொள்ளாத கூட்டம் கூடியது. மனுவில் கையொப்பங்களும் சேர்ந்தன. பேச்சு அடங்கியதும் கூட்டமும் கரைந்துவிட்டது. இப்போது ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் மட்டுமே மிஞ்சியிருக்கிறோம். ஊராரின் ஆதரவை மீண்டும் பெற்று நிலைக்கச் செய்வது எப்படி?

பதில்: அச்சத்தால் கூடியவர்கள் அச்சம் நீங்கியதும் கலைந்து போவது இயல்பு. அதற்காக ஊராரைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் கடிதத்தில் கடைத்தெருவின் வயது இருக்கிறது. ஆனால் இன்று அங்கே கடை நடத்துபவர், மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர், கட்டடத்தை வைத்துக்கொண்டு வெளியூரில் வாழும் உரிமையாளர் ஆகியோரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலையை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அடுத்த கூட்டத்திற்கு நாள் குறிப்பதற்கு முன், ஒவ்வொரு கடையாகச் சென்று, இந்தக் கட்டடத்தில் உங்களுக்கு என்ன தொல்லை என்று மட்டும் கேளுங்கள். மழைக்கு ஒழுகும் கூரை, உத்தரத்தை அரிக்கும் கரையான், கார் நிறுத்த இடமில்லாததால் குறைந்துபோன வியாபாரம் என்று அவர்கள் சொல்லும் பதில்கள்தான் உங்கள் திட்டமாக வேண்டும்.

அவற்றில் கூரையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் உண்டு. இக்கட்டடங்கள் அழிவது பெரும்பாலும் நீரால்தான். இரு கடைகளுக்குப் பொதுவான சுவரின் மேலுள்ள வாய்க்காலில் இலை அடைத்துக்கொண்டால் நீர் சுவருக்குள் இறங்கும். அதை மறைக்கச் சிமெண்டுப் பூச்சுப் பூசினால், சுண்ணாம்புச் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். பிறகு கட்டடமே கெட்டுவிட்டது என்று சொல்லி இடிக்க அனுமதி கேட்பார்கள். எனவே சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்து வந்து, ஒரே ஒரு கடையின் வாய்க்காலையும் கூரை ஓடுகளையும் சரிசெய்து காட்டுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கடை ஒழுகாமல் இருந்தால், பக்கத்துக் கடைக்காரர் தாமாகவே வந்து விசாரிப்பார். நூறு கையொப்பங்களைக் காட்டிலும் அந்த விசாரணையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது என்பதைப் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் நமக்குக் கற்பித்திருக்கிறது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகளும் 1999-இன் இறுதியோடு முடிந்தபோது வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் கைத்தொழில் செய்தவர்களும் பழைய நகரத்தை விட்டு வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றபோது கட்டடங்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் இல்லை. பாதுகாப்பு என்றால் வாடகை ஏறும், நாம் வெளியேற வேண்டியிருக்கும் என்று உங்கள் ஊர்க் கடைக்காரர் அஞ்சினால் அந்த அச்சம் நியாயமானது. உரிமையாளரும் வாடகைக்காரரும் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ள, பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பகுதியை வாடகையில் கழித்துக்கொள்ள நீங்கள் நடுவராக நின்று உதவுங்கள்.

இன்னொன்று, இது தமிழர் மட்டும் கூடிச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. கோவில் மண்டபத்தில் கூடியது நல்லதே. ஆனால் கட்டடங்களில் பல சீனக் குடும்பங்களுடையவையாக இருக்கும், சந்தைக்கு வருபவர்களில் மலாய்க்காரர்கள் இருப்பார்கள். தோட்டத்துத் தாய்மார்கள் தவுக்கே எனப்படும் சீன முதலாளியின் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் தீர்த்த கணக்கு அந்தச் சின்னஞ்சிறு 555 நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. அப்படி ஒன்று எந்த வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் அதைக் கடைத்தெருவிலேயே வைத்துக் காட்டுங்கள். கடன் கொடுத்தவரின் பேரனும் வாங்கியவரின் பேத்தியும் அதைச் சேர்ந்து பார்க்கும்போது, இந்தத் தெரு இருவருக்கும் உரியது என்பதை யாரும் மேடையேறி விளக்க வேண்டியதில்லை.

நிலைக்கச் செய்வதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கையிலிருந்து சிறு தொகையாவது போட்டவர் அடுத்த கூட்டத்திற்கு வந்து கணக்குக் கேட்பார். உங்கள் கடைத்தெருவுக்கும் ஒரு பழுதுபார்ப்பு நிதி தொடங்கி, மாதந்தோறும் வரவு செலவைக் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். நன்கொடை தருகிறேன் என்று அரசியல் கட்சி முன்வந்தால் நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நிதிக் குழுவின் தலைமையைக் கொடுத்துவிடாதீர்கள், தேர்தல் முடிந்ததும் வேலை நின்றுவிடும்.

கேள்வி: அதே போன்ற ஒரு பட்டணத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு பழைய கடை உண்டு. பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் விற்கவும் முடியாது, ஆணி அடிக்கவும் முடியாது என்கிறார்கள். நான் ஏன் சம்மதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கவலையை மேலே எழுதிய நண்பரும் படிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, அவருடைய ஆட்சேபணையைக் கேட்ட பின்னரே ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க முடியும். நிலம் மாநிலத்திற்கு உரிய விவகாரமாதலால் மாநில அரசின் ஒப்புதலும் தேவை. அறிவித்த பிறகு விற்கலாம். இடிப்பதற்கும் தோற்றத்தை மாற்றுவதற்கும்தான் முன் அனுமதி பெற வேண்டும். பராமரிப்புக்கு உதவித்தொகையோ கடனோ வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதை எழுத்தில் பெறாமல் சம்மதிக்க வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன். ஜார்ஜ்டவுனில் திங்க் சிட்டி என்ற அமைப்பு உரிமையாளர்களுக்குப் பழுதுபார்ப்பு மானியம் கொடுத்த பிறகு பலர் தயக்கம் விட்டுச் சேர்ந்தார்கள்.

சட்டத்தை மட்டும் நம்புவதும் போதாது. அச்சட்டம் 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் அம்பாங் சாலையிலிருந்த போக் மாளிகை என்ற பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. உங்களைப் போன்ற உரிமையாளர்கள் மனமுவந்து உடன் நிற்காத வரை எந்தப் பட்டியலும் கட்டடத்தைத் தாங்காது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடிக்கப் போகிறார்கள். காக்க வேண்டும் என்கிறான் மகன். அங்கே பட்ட துன்பத்தை நினைத்தால் இடியட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: அம்மா, உங்கள் சொல்லுக்கே முதலிடம். லயத்தில் இன்னும் குடும்பங்கள் இருந்தால், அவர்களுக்குச் சொந்த வீடு கிடைப்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரால் எவரையும் ஒழுகும் கூரையின் கீழ் இருத்தி வைக்கக் கூடாது. அந்த உறுதி எழுத்தில் கிடைத்த பிறகு, மகனும் அவருடைய நண்பர்களும் ஒரே ஒரு லயத்தையும், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தையும் விட்டுவைக்குமாறு தோட்ட நிர்வாகத்திற்கு எழுதட்டும். நிர்வாகம் மறுக்கலாம், ஆகவே இடிப்பு நாளுக்குக் காத்திராமல் இப்போதே வீடுகளை அளந்து வரைந்து, ஒவ்வொரு வாசலையும் படமெடுத்து, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது, தண்ணீர்க் குழாயடியில் என்ன தகராறு நடந்தது என்பதையெல்லாம் உங்களைப் போன்றவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்ய வேண்டும். பட்ட துன்பத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், அம்மா. அது இல்லாத பதிவு முழுமையானதாகாது.