தேங்காய் நின்றால் தண்ணீர் வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பாலக்கோடு பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் காட்டிய பத்து இடத்தில் எட்டில் தண்ணீர் வந்தது. மிஷின் வைத்துப் பார்த்த ஜியாலஜிஸ்ட் சொன்ன இடத்தில் 900 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை, புகைதான். பிறகு ஏன் இதை அறிவியல் இல்லை என்று ஒதுக்குகிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு என்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அது பாதிக் கணக்கு. அதே ஊரில் யாரையும் கேட்காமல், வசதிக்காக வீட்டோரம் போட்ட போர்களில் எத்தனைக்குத் தண்ணீர் வந்தது? அங்கும் பத்துக்கு எட்டு என்றால் தேங்காய்க்கு அதில் பங்கில்லை. இதை ஊர்ப் பேச்சில் தேடாதீர்கள், புகை பறந்த போரை ஊர் சீக்கிரம் மறந்துவிடும். போர் வண்டிக்காரரின் பில் புத்தகத்தைக் கேளுங்கள். 'தண்ணீர் வந்தது' என்றால் எத்தனை அடிக்குள் எத்தனை இஞ்சு தண்ணீர் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். இல்லையென்றால் 1,000 அடியில் கசிந்த அரை இஞ்சும் வெற்றியில் சேர்ந்துவிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி கெட்டிப் பாறைப் பூமி. தண்ணீர் மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. தாழ்வான நிலம், பச்சை மரம், பக்கத்துக் கிணறு எல்லாம் நீரோட்டம் பார்ப்பவர் கண்ணிலும் படும். சோதிக்க வேண்டியது தேங்காயை என்றால் கண்ணை மறைத்தாக வேண்டும்.

போர் போடாமலே சோதிக்கலாம். ஒரு ஏக்கர் நிலத்தில், முதலில் கண் திறந்தபடியே தேங்காய் எழும் இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே முளைக்குச்சி நட்டு, அளந்து குறித்துக்கொண்டு, குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து நடத்துங்கள். கைபிடித்துக் கூட்டிப்போகிறவருக்கு அந்த இடங்கள் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர் நடையில் சின்னத் தயக்கம் வந்தாலே சோதனை கெட்டது. முதலில் காட்டிய இடத்திலிருந்து எத்தனை அடிக்குள் வந்தால் சரி என்பதை அவர் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லவைப்பது முக்கியம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. மனம் எதிர்பார்க்கும் இடத்தில் உள்ளங்கை தன்னையறியாமல் சாயும். 1852-லேயே ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் இதை விளக்கிவிட்டார்.

1987-88-ல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு கொட்டகையில் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீரோட்டம் பார்க்கும் 43 பேரை நடக்கவிட்டு 843 முறை சோதித்தார்கள். சிலருக்குத் திறமை உண்டு என்றார்கள் நடத்தியவர்கள். அதே எண்களை எடுத்து அலசிய அமெரிக்க விஞ்ஞானி ஜிம் என்ரைட், குருட்டாம்போக்கில் வரக்கூடியதுதான் வந்திருக்கிறது என்று காட்டினார்.

மிஷினுக்கும் சலுகை கிடையாது. அது தண்ணீரை அளப்பதில்லை. நான்கு கம்பி நட்டு மண்ணின் மின்தடையை அளக்கிறது. களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடத் தடையைக் குறைத்துக் காட்டும். ஆழம் போகப் போகக் கம்பிகளை அகட்ட வேண்டும். வெளிக்கம்பிகளுக்கு இடையே சில நூறு அடிதான் விட்டார் என்றால், 900 அடி ஆழத்தைப் பற்றி அந்த ரீடிங் ஒன்றும் சொல்லாது. உங்கள் ஜியாலஜிஸ்ட் எவ்வளவு தூரம் ஒயர் இழுத்தார்? ரீடிங் ஷீட்டை வாங்கிப் பாருங்கள், அதில் இருக்கும்.