அரசியலமைப்பு அரசின் கையைக் கட்டுமா? – கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலர் எந்த நாடு என்று சொல்லாமல் கேட்டிருந்தீர்கள், அதனால் எது பொருத்தமோ அந்த நாட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

கேள்வி: சார், அரசியலமைப்பும் ஒரு சட்டம்தானே? மற்ற சட்டங்களுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மற்ற சட்டங்கள் உங்களைப் பார்த்துப் பேசுகின்றன: திருடாதே, வரி கட்டு. அரசியலமைப்பின் உரிமைப் பகுதி அரசைப் பார்த்துப் பேசுகிறது. அமெரிக்காவின் முதல் திருத்தம் (1791) 'மக்களுக்குப் பேச்சுரிமை தருகிறோம்' என்று தொடங்கவில்லை, நாடாளுமன்றம் இன்னின்ன சட்டம் போடக் கூடாது என்றுதான் தொடங்குகிறது. இந்திய அரசியலமைப்பின் 13-வது பிரிவும் அப்படியே, அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது, மீறி இயற்றினால் மீறிய அளவுக்கு அது செல்லாது. உரிமைப் பட்டியலை அரசுக்குப் போட்ட தடைப் பட்டியலாகப் படித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: உரிமைகள் எல்லா நாட்டு அரசியலமைப்பிலும் அழகாக எழுதியிருக்கின்றன. எழுதி வைத்து என்ன பயன்?

எழுதி வைப்பதால் மட்டும் ஒரு பயனும் இல்லை. சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியலமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு, பத்திரிகை, கூட்டம், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு என்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் ஸ்டாலினின் மிகக் கொடிய களையெடுப்பு, அதாவது எதிரிகள் என்று சந்தேகித்தவர்களைச் சிறையிலடைத்துக் கொன்றது, நடந்தது. அரசின் உத்தரவை ரத்து செய்யும் தைரியமும் அதிகாரமும் உள்ள நீதிமன்றம் அங்கே கிடையாது.

அதனால் எந்த அரசியலமைப்பைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது உரிமைப் பட்டியலை அல்ல. உரிமை பறிபோனால் யாரிடம் போகலாம், எத்தனை நாளுக்குள் போக வேண்டும், அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு சொன்ன நீதிபதியை அரசு வீட்டுக்கு அனுப்ப முடியுமா, இந்த மூன்றைத்தான் தேடுவேன். இந்தியாவில் 32-வது பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. அம்பேத்கர் இதைத்தான் அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்றார். நடைமுறையில் பெரும்பாலோர் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், அதற்கு வீச்சும் அதிகம். இலங்கையிலும் 126-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம், ஆனால் பொதுவாக ஒரு மாதத்துக்குள். அதோடு, அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட முடியாது, மசோதாவாக இருக்கும்போதே போட வேண்டும். ஒரு சட்டத்தின் வில்லங்கம் பெரும்பாலும் அது அமலுக்கு வந்த பிறகுதான் தெரியும் என்பதால், இதைப் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் போட்ட சட்டத்தை, ஓட்டே வாங்காத நீதிபதி தூக்கி எறிவது என்ன ஜனநாயகம்?

நியாயமான கேள்வி, இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. அமெரிக்க அரசியலமைப்பில் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவே இல்லை, 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல்தான் 'இது எங்கள் வேலை' என்று நிலைநாட்டினார். பிரிட்டன் வேறு வழியில் போனது. 1998 மனித உரிமைச் சட்டத்தின் கீழ், நாடாளுமன்றச் சட்டம் உரிமைக்கு ஒத்துவரவில்லை என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், ஆனால் சட்டம் நிற்கும். மாற்றுவதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் பாடு.

என் நிலைப்பாடு இது: வரி எவ்வளவு, சாலை எங்கே என்பதையெல்லாம் பெரும்பான்மை முடிவு செய்யட்டும். அடுத்த தேர்தல் நேர்மையாக நடக்குமா, எதிர்க்கட்சிக்காரர் வெளியே இருப்பாரா சிறைக்குள்ளே இருப்பாரா என்பதை மட்டும் இன்று ஜெயித்தவரிடமே விட முடியாது.

கேள்வி: மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தால் அரசியலமைப்பையே திருத்திவிடலாமே, அப்புறம் என்ன கட்டுப்பாடு?

ஜெர்மனி இதற்குப் பூட்டுப் போட்டது. 1949 அடிப்படைச் சட்டத்தின் 79(3) பிரிவின்படி மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகிய அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது. இந்தியாவில் அப்படி ஒரு வரி கிடையாது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, திருத்தலாம் ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை (அரசியலமைப்பின் ஆணிவேரான அம்சங்களை) அழிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். 7-க்கு 6. ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு.

கேள்வி: எமர்ஜென்சி வந்தால் எல்லா உரிமையும் போய்விடுமா?

எவ்வளவு போகும் என்பதை வைத்துத்தான் ஓர் அரசியலமைப்பை எடை போட வேண்டும். ஜெர்மனியின் பழைய வைமர் அரசியலமைப்பில் 48-வது பிரிவு, ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்றது. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று, அந்தப் பிரிவின் கீழேயே பேச்சுரிமை முதல் தனிமனித சுதந்திரம் வரை நிறுத்தப்பட்டன. ஹிட்லர் அரசு அதைத் திரும்பத் தரவே இல்லை.

இந்தியாவில் 1975 ஜூன் 25-இல் வந்த நெருக்கடி நிலையில் விசாரணையில்லாமல் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆட்கொணர்வு மனு (அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போடும் உரிமையாவது உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்க, நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். 1976-இல் 4-க்கு 1 என்று அரசு ஜெயித்தது. மாறுபட்ட அந்த ஒருவர் கன்னா. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி, மூத்தவரான அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போனது, அவர் ராஜினாமா செய்தார்.

ஆட்சி மாறியதும் 1978-இல் 44-வது திருத்தம் வந்தது. இனி நெருக்கடி நிலையிலும் 20, 21-வது பிரிவுகளை, அதாவது நியாயமற்ற தண்டனைக்கு எதிரான பாதுகாப்பையும் உயிர், சுதந்திரம் பற்றிய உரிமையையும் நிறுத்தி வைக்க முடியாது. உள்நாட்டுக் குழப்பம் என்ற வழவழப்பான காரணத்தை எடுத்துவிட்டு ஆயுதக் கிளர்ச்சி என்று போட்டார்கள். அந்த 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகிவிட்டது.

கேள்வி: நாட்டுத் தலைவரே வரம்பு மீறினால் யார் கேட்பது?

கேட்டிருக்கிறார்கள். 2018-இல் இலங்கை ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்தார், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். 2019-இல் பிரிட்டன் பிரதமரின் யோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒத்திவைக்கப்பட்டபோது 11 நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். இத்தனைக்கும் பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பே கிடையாது.

கேள்வி: அண்ணா, என்னைத் திடீரென்று கைது செய்தால் என்ன கேட்கலாம்?

இந்தியா என்றால் 22-வது பிரிவு. காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் அதே பிரிவுக்குள் தடுப்புக் காவல், அதாவது இனி ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பது, என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 24 மணி நேரக் கணக்கு அதற்கு இல்லை, ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்காமலே மூன்று மாதம்வரை வைக்கலாம். உரிமைப் பகுதிக்குள்ளேயே இப்படி ஒன்றை எழுதி வைத்திருப்பது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

கேள்வி: பேச்சுரிமைக்கும் வரம்பு உண்டு என்கிறார்கள். வரம்பு நியாயமா இல்லையா என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்?

மூன்று விஷயம் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? ('மேலிடத்து உத்தரவு' என்பது பதில் ஆகாது.) அரசியலமைப்பு அனுமதித்த காரணத்துக்காகவா? காரணத்துக்குத் தேவையான அளவுதானா, அதைவிடக் குறைவான கட்டுப்பாட்டில் வேலை முடிந்திருக்காதா? ஒரு தெருவில் கலவரம் என்றால் அந்தத் தெருவில் தடை போடலாம், மாநிலம் முழுக்க இணையத்தை நிறுத்தினால் அரசு நிறைய விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகள் மூன்றாவது கேள்வியில்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

கேள்வி: தனியார் கம்பெனி என் பதிவை நீக்கினால் அடிப்படை உரிமை மீறலா?

பெரும்பாலும் இல்லை, அரசியலமைப்பு கட்டுவது அரசைத்தான். இந்தியாவில் தீண்டாமை, கொத்தடிமை போன்ற சில தடைகள் தனியாரையும் கட்டும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு இன்னும் தாராளம், உரிமையின் தன்மைக்குப் பொருந்துமானால் தனியாரையும் இழுக்கலாம்.

கேள்வி: குடிமகன் அல்லாதவருக்கு இந்த உரிமைகள் உண்டா?

இந்தியாவில் 14-வது பிரிவும் (சட்டத்தின் முன் சமம்) 21-வது பிரிவும் (உயிர், சுதந்திரம்) எல்லா மனிதருக்கும். 19-வது பிரிவு (பேச்சு, கூட்டம் போன்ற சுதந்திரங்கள்) குடிமக்களுக்கு மட்டும்.