ஆணாதிக்கம் என்பதன் பொருள் என்ன? அது எப்படித் தோன்றியது?

ஆணாதிக்கம் என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒருவரின் குணத்தைக் குறிக்கவே நாம் பயன்படுத்துகிறோம். மனைவியை அதட்டுபவர் ஆணாதிக்கவாதி, அதட்டாதவர் நல்லவர் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இதற்கு ஈடான 'பேட்ரியார்க்கி' என்ற மேலைச் சொல்லின் கிரேக்க வேர்களுக்குத் தந்தையின் ஆட்சி என்பதே பொருள். வீட்டிலுள்ளோரின் உழைப்பு, திருமணம், பிள்ளைகள், சொத்து ஆகியவற்றின் மீது முடிவெடுக்கும் உரிமையைச் சட்டமும் வழக்கமும் சேர்ந்து ஆணிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. அந்த ஆண் நல்லவரா என்பது அந்த ஏற்பாட்டுக்குப் பொருட்டே அல்ல.

இதை எனக்கு விளங்கவைத்தது என் பெரியம்மாவின் காணி உறுதி. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தது. எங்களுக்குத் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707-இல் சட்டமாக்கிய அந்த வழமையின் பழைய முறைப்படி, தந்தையின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேரும். பெரியம்மாவின் வளவு (வீட்டுக் காணி) அப்படித்தான் பாட்டியிடமிருந்து சீதனமாக வந்தது. பாட்டிக்கு அவருடைய தாயார் கொடுத்தது. ஆயினும் மகளின் சத்திரசிகிச்சைக்காக வளவில் ஒரு துண்டை விற்க அவர் முற்பட்டபோது, பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன பெரியப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உறுதி முடிக்க இயலாது என்று உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு சொல்லிவிட்டார். திருமணமான பெண்ணின் சீதனம் அவளுடைய தனிச்சொத்து, கணவனின் கடனுக்கு அது பொதுவாகப் பொறுப்பாகாது, அசையும் பொருளை அவள் விருப்பப்படி விற்கலாம், காணிக்கு மட்டும் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிலை. கைவிடப்பட்டவளுக்கு மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்தை வழங்கலாம். பெரியம்மாவுக்கும் வழங்கியது, ஆனால் தாம் கைவிடப்பட்டவர் என்பதை, ஊரார் இருந்த மன்றில் அவர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அன்று அவர் தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தோற்றம் பற்றி இரண்டு விளக்கங்கள் முதன்மையானவை. மந்தையும் நிலமும் உபரிச் செல்வமாகப் பெருகியபோது அதைத் தன் பிள்ளைக்கே விட்டுச்செல்ல விரும்பிய ஆண், பிள்ளை தன்னுடையதுதான் என்பதை உறுதிசெய்யப் பெண்ணைக் கட்டுப்படுத்தினான் என்று 1884-இல் மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸ் எழுதினார். வரலாற்றாசிரியர் கெர்டா லெர்னர் 1986-இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்: முதலில் உடைமையானது பெண்ணின் பிள்ளைபெறும் ஆற்றல், போரில் பிடித்த பெண்களை அடிமையாக்கிப் பழகிய பிறகே மற்ற அடிமைமுறையும் தனியுடைமையும் வலுப்பெற்றன, மெசொப்பொத்தேமியாவிலும் (இன்றைய ஈராக்கை ஒட்டிய பகுதி) அதன் அயலிலும் ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் நீடித்த மாற்றம் இது என்பது அவர் வாதம்.

எனக்கு லெர்னர் சொல்வதே கூடுதலாகப் பொருந்துகிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில் 117ஆம் விதி, கடன்பட்டவன் தன் மனைவியையோ மகனையோ மகளையோ கடன் கொடுத்தவனிடம் வேலைக்கு ஒப்படைக்கலாம் என்கிறது. மூன்று ஆண்டுகள் உழைத்தபின் நான்காம் ஆண்டில் அவர்களுக்கு விடுதலை. அந்த விதி அவர்களைக் காக்க எழுதப்பட்டதாகவே இருக்கலாம், காலவரம்பு வைத்ததே ஒரு சலுகைதான். ஆனால் மனைவி கடனுக்கு ஈடாகக்கூடியவள் என்பதை அது புதிதாக நிறுவவில்லை. ஏற்கெனவே எல்லோரும் அறிந்த நடைமுறையாக எடுத்துக்கொண்டு, அதற்கு எல்லை மட்டும் வகுக்கிறது.

ஆண் உடல்வலிமை மிக்கவன், ஆகவே ஆண்டான் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வலிமை குன்றிய முதியவர்களே வாட்டசாட்டமான இளைஞர்களையும் சேர்த்து ஆண்டார்கள்.

அப்படியானால் பெண்கள் ஆண்ட காலம் இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்கள் ஆண்டதுபோலப் பெண்கள் ஆண்ட சமூகத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. தாய்வழிச் சமூகங்கள் உண்டு. கேரளத்து மருமக்கத்தாயம் என்ற தாய்வழி உரிமை முறையில் தறவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக்குடும்பச் சொத்து, பெண்வழியே இறங்கியது. ஆனால் அதை நிர்வகித்த காரணவர் பொதுவாகத் தாய்மாமனே. எங்கள் பெரியம்மாவின் வளவில் கணவருக்கு இருந்த இடம், அங்கே தாய்மாமனுக்கு இருந்தது.