வால்வு எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அப்போது மேயர் தேர்தல். சமையலறை ரேடியோவில் வேட்பாளர்கள் குப்பை, பஸ் என்று நேருக்கு நேர் வாதாடினார்கள். முடிவில் போட்டியிடும் எல்லோர் பெயரையும் வாசித்தார்கள். நம் உள்ளாட்சித் தேர்தலில் ஏன் இப்படி இல்லை? அடிதடி ஆகிவிடும் என்ற பயமா?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

அடிதடி காரணம் இல்லை, விதிதான் காரணம். கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் தங்கள் வட்டாரத்துக்காக நடத்தும் நம் சமுதாய வானொலிகளுக்கு 2006இல் வந்த கொள்கையே அரசியல் நிகழ்ச்சி கூடாது என்கிறது. தனியார் எஃப்எம்களும் சொந்தமாகச் செய்தி போட முடியாது. ஆல் இந்தியா ரேடியோ 1977 முதல் தேர்தல் நேரத்தில் கட்சிகளுக்கு இலவச நேரம் தருகிறது, ஆனால் அது மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அப்புறம் அவர் எந்தக் கணக்கில் போய்ப் பேசுவார்?

2019 டிசம்பரில் எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு நின்ற ஒரு அக்கா டீக்கடை வாசலில் என்னிடம் பத்து நிமிடம் பேசினார். தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்கு மோட்டாரைக் குறை சொல்கிறார்கள், தப்பு மோட்டாரில் இல்லை, வால்வை வைத்த இடத்தில் என்று ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டே காட்டினார். அந்த நேரம் பார்த்து அவருடைய பிரச்சார ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்து கேட்டதெல்லாம் அவருக்கு ஒதுக்கிய சின்னம், 'பூட்டு சாவி, பூட்டு சாவி' மட்டும்தான். எதிர் வேட்பாளர் புது மோட்டார் போடுவேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லி ஊர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

சமுதாய வானொலி எட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு ஒன்றியம். பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகவே தொடங்கிய கடல் ஓசை மாதிரி ஒரு நிலையத்துக்கு அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது தெரியும், சென்னை டிவிக்குத் தெரியவே தெரியாது.

பிபிசியின் உள்ளூர் வானொலி 1967இல் லெஸ்டரில் தொடங்கியது. ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி விவாதம் அங்கேயும் லேசில் வந்துவிடவில்லை. ஒரு வேட்பாளர் சம்மதிக்காவிட்டால் நிகழ்ச்சியே நடக்காது என்ற நிலை 2000 வரை இருந்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் அதை மாற்றியது. நமக்கும் பெரிய புரட்சி வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, எல்லோருக்கும் சம நேரம், வராதவருக்காக நிகழ்ச்சி நிற்காது என்று எழுதி, மாநிலத் தேர்தல் ஆணையம் மேற்பார்வை பார்த்தால் போதும்.

அதுவரை? அடுத்த தேர்தலில் உங்கள் வார்டு வேட்பாளர்கள் எல்லோரையும் உரிய அனுமதி வாங்கி ஒரே பந்தலில் உட்கார வையுங்கள். முதல் கேள்வி தண்ணீராக இருக்கட்டும். நாள் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.