முதலில் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 36 வயது. சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் மென்பொருள் வேலை. நானும் என் நண்பனும் ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். வீட்டை நடத்துவது நான்தான். வாடகை, சமையல் எல்லாம் என் பொறுப்பு. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பதும் நான். அந்த நாட்களில்தான் எங்களுக்குள் சண்டையே வராது. மற்றபடி ஓயாத சண்டை. இரண்டு முறை வீட்டை விட்டுப் போய், வாரக்கணக்கில் எங்கோ தங்கிவிட்டு, 'முதலிலிருந்து தொடங்கலாம்' என்று திரும்பி வந்தான். அண்மையில் இங்கே ஒரு திரையரங்கில் 'ஹேப்பி டுகெதர்' என்ற பழைய ஹாங்காங் படம் பார்த்தோம். அதில் வரும் லாய் அப்படியே நான், ஹோ அப்படியே அவன். டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு லாய் அழும்போது நானும் அழுதேன். அவன் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரமாக, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்கிறான். (அவன் அம்மாவுக்கு எங்களைப் பற்றித் தெரியும். எனக்கும் சேர்த்துத்தான் பருப்புப் பொடி அனுப்புவார்.) போனால் திரும்ப மாட்டான் என்று பயமாக இருக்கிறது. எதையும் தொலைத்துவிடும் ஆள் என்பதால் அவனுடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை எல்லாம் என் அலமாரியில் பூட்டித்தான் இருக்கின்றன, அதனால் கோபத்தில் கிளம்பிவிட முடியாது. இப்படிப்பட்டவனோடு காலம் தள்ள முடியுமா? பிரிந்துவிடுவது நல்லதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர். கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்:

தம்பி, உங்கள் நண்பரின் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அச்சில் பாதியை வெட்டிவிட்டேன், அவை எனக்குத் தேவைப்படவில்லை. அவர் பொறுப்பில்லாதவராகவே இருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனவராகவே இருக்கட்டும். கடைசியில் போகிற போக்கில் அலமாரியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினீர்களே, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த வாக்கியத்தின் முற்பாதி அக்கறைபோலத் தெரிகிறது. தொலைத்துவிடுவார், அதனால் பூட்டி வைத்தேன். சரி. பிற்பாதியில் நீங்களே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள்: 'அதனால் கோபத்தில் கிளம்பிவிட முடியாது.' தொலைந்துபோகும் என்று பத்திரப்படுத்தியவர், உரியவர் கேட்ட மறுநிமிடம் எடுத்துக் கையில் கொடுப்பார். நீங்கள் கொடுக்கவில்லை. வளர்ந்த ஆண் ஒருவர், பெற்ற தாயைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாவி உங்களிடம் இருக்கிறது. இந்த நிலையில் என்னிடம் வந்து, சேர்ந்திருக்கலாமா பிரியலாமா என்று கேட்கிறீர்கள்.

இந்தப் பக்கத்துக்கு எழுதுபவர்களில் உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். மனைவி வேலைக்குப் போய்விடுவாள் என்று அவளுடைய பட்டச் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிய கணவர்கள் எழுதியிருக்கிறார்கள். மருமகளின் நகையை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வாங்கி வைத்த மாமியார்கள் எழுதியிருக்கிறார்கள். தாங்கள் செய்வது தவறு என்று அவர்களில் ஒருவரும் எழுதியதில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் வாங்கி வைத்துக்கொண்ட கதைகளைக் கேட்டு நீங்களும் வளர்ந்திருப்பீர்கள். அந்த முதலாளிகளைத் திட்ட நமக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை. அவர்கள் செய்ததற்கும் நீங்கள் செய்வதற்கும் என்ன வேறுபாடு? கஞ்சி வைத்துக் கொடுத்தேன் என்பீர்கள். கஞ்சி வைத்தவருக்குப் பூட்டும் உரிமை சேர்ந்து வருமா? 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் என்றைக்கும் இந்திய அரசின் சொத்து. அதைத் தன் பெயரில் வைத்திருக்கும் உரிமை உங்கள் நண்பருக்கு இருக்கிறது. உங்களுக்கு இல்லை.

நீங்களே படத்தைக் கொண்டுவந்ததால் படத்தை வைத்தே பேசுகிறேன். பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வோங் கார்-வாய் இயக்கி 1997இல் வந்த படம் அது. அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதைப் பெற்றுத் தந்தது. லாயாக டோனி லியுங், ஹோவாக லெஸ்லி சுங். ஹாங்காங்கிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போன இந்தக் காதலர்கள், இகுவாசு அருவியைப் பார்க்கக் காரில் கிளம்பி, வழி தவறி, சண்டையிட்டுப் பிரிகிறார்கள். ஊர் திரும்பக் காசு இல்லாமல் புவனோஸ் ஐரிஸில் மாட்டிக்கொள்கிறார்கள். லாய் ஒரு டாங்கோ விடுதியின் வாசலில் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்கும் வேலை பார்க்கிறான். ஒரு நாள் ஹோ அடிபட்டு, இரண்டு கைகளிலும் கட்டுப் போடும் நிலையில் அவனிடம் வந்து சேர்கிறான்.

லாய் அவனைப் பார்த்துக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். ஊட்டிவிடுகிறான், உடம்பைத் துடைத்துவிடுகிறான். தனக்கே காய்ச்சல் வந்தபோதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்று சமைத்துப் போடுகிறான். அந்த லாயில்தான் உங்களைப் பார்த்துக்கொண்டீர்கள். அதே லாய், ஹோ இரவில் சிகரெட் வாங்கும் சாக்கில் வெளியே போகக் கூடாதென்று சிகரெட்டைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து அறையில் அடுக்குகிறான். அந்த அடுக்கைப் பார்த்தபோது உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லையா? கைக்கட்டு அவிழ்ந்த பிறகு ஹோ தன் பாஸ்போர்ட்டைத் தேடுகிறான். லாய் அதை ஒளித்து வைத்திருக்கிறான். கேட்டால், கொடுக்க மாட்டேன் என்கிறான். பாஸ்போர்ட்டுகளில் முத்திரை விழுவதில்தான் அந்தப் படமே தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதிய கடிதத்தில் டேப் ரிக்கார்டர் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. லாய் ஒளித்து வைத்த பாஸ்போர்ட் மட்டும் இல்லை. உங்கள் கண்ணில் அது படவில்லையா, பட்டும் மனம் ஒதுக்கிவிட்டதா?

ஹோவின் கை சீக்கிரம் குணமாக வேண்டாம் என்று தான் விரும்பியதை லாய் மனக்குரலில் ஒப்புக்கொள்கிறான். அவன் படுத்துக் கிடந்த நாட்கள்தான் தாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நாட்கள், அதை அவனிடம் சொன்னதே இல்லை என்கிறான். இதைக் கேட்டுவிட்டு உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'அந்த நாட்களில்தான் எங்களுக்குள் சண்டையே வராது.' தம்பி, காய்ச்சலில் கிடப்பவன் எழுந்து வாசலுக்குப் போக முடியாது, அதனால்தான் சண்டை இல்லை. அவர் எழுந்து நடமாடும் நாட்களில் உங்களுக்கு நிம்மதி இல்லை என்றால், சண்டைக்கு அவர் குணம் மட்டுமே காரணம் என்று எப்படி எழுதுகிறீர்கள்?

1997இல் ஹாங்காங்காரர்களுக்குப் பாஸ்போர்ட் எத்தனை பெரிய கவலை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அவர்களுடைய ஊர் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்குப் போனது. படம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் அங்கே வெளியானது. கடல்கடந்த பிரிட்டிஷ் நாட்டவர் என்று பெயர் போட்டுப் பிரிட்டன் அவர்களுக்குக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அன்றைக்குப் பிரிட்டனில் குடியேற முடியாமல் இருந்தது. இனி நாம் எந்த நாட்டவர் என்று ஓர் ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் மறுகோடியில் ஒருவன் இன்னொருவனின் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிக்கிறான். அந்த வன்முறையின் கனம் ஹாங்காங் பார்வையாளர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அயல்நாட்டில் விசா அலுவலக வரிசையில் நின்று பழகிய உங்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

லாயை நான் வெறுக்கவில்லை. அவன் உழைப்பாளி. வேலை கொடுத்தவரின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன் அவன். அந்த முதலாளி அவன் தந்தையின் நண்பர். அந்தக் குற்றவுணர்வு தாங்காமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுத உட்கார்ந்து அப்பாவுக்கு நீண்ட கடிதமே எழுதிவிடுகிறான். ஊர் போய்ச் சேரப் பணம் வேண்டுமென்று இரவெல்லாம் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்கிறான். தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கத் துடிக்கும் பிள்ளையை நான் மதிக்கிறேன். ஆனால் ஹோ பாஸ்போர்ட்டைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, கொடுக்கக் கூடாதென்று இல்லை, அவனைப் பார்க்கத்தான் விருப்பமில்லை என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறான். அப்பாவிடம் கேட்டதில் கால்வாசி மன்னிப்பையாவது ஹோவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நீங்கள் அழுத இடத்துக்கு வருகிறேன். உணவகச் சமையலறையில் உடன் வேலை செய்த தைவான் இளைஞன் சாங், தென்கோடியில் உஷுவாயாவில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போகப்போகிறான். உன் துயரத்தை இதில் சொல், அங்கே விட்டுவிட்டு வருகிறேன் என்று டேப் ரிக்கார்டரைக் கொடுக்கிறான். லாய்க்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வருகிறது. நானும் அங்கே கலங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு இன்னொருவனும் அழுகிறான். லாய் காலி செய்துவிட்டுப் போன அறைக்கு ஹோ வருகிறான். தரையைத் துடைக்கிறான், அருவிப் படம் போட்ட மேசை விளக்கைச் சரிசெய்கிறான், போர்வையைக் கட்டிக்கொண்டு கதறுகிறான். லாய் தனியாக அருவியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் தைபே வரை வந்துவிட்டான். ஹோ புவனோஸ் ஐரிஸிலேயே கிடக்கிறான். அந்தக் கதறலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லையே, அவர் எந்தக் காட்சியில் நின்றுபோனார் என்று கேட்டீர்களா? நீதான் ஹோ என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், கேட்க எங்கே நேரம்?

என் கருத்தை நான் மறைப்பதில்லை. சேர்ந்து வாழும் இரண்டு ஆண்கள் ஒரு குடும்பம் என்றே நான் எண்ணுகிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். உங்களைப் போன்றவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல். திருமண உரிமை கேட்டுப் போனபோது 2023இல் அதே நீதிமன்றம் கொடுக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. ஓர் இளம்பெண்ணை அவள் வீட்டாரே அடைத்து வைத்திருந்தார்கள், மனுப் போட்டவள் அவள் காதலித்த பெண். நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை பெரிய சொல் அது! பூட்டி வைத்த கைகளிலிருந்து ஒருத்தியை மீட்கும்போதுதான் அந்தச் சொல் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெற்றவர்களுக்கே இல்லாத உரிமையை நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து, அந்த அம்மா. 'உடம்பு சரியில்லை என்கிறான்' என்று எழுதுகிறீர்கள். அது பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் தொனி அதில் இருக்கிறது. மகனுடைய வாழ்க்கையை ஏற்றுக்கொண்டு, அவன் துணைக்கும் சேர்த்துப் பருப்பு வறுத்துப் பொடி இடித்து, டப்பாவில் அடைத்துக் கடல் கடந்து அனுப்புகிற தாய். நம் ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தாய் வாய்க்கிறாள்? அந்தப் பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே அவர் மகனை அவரிடம் போகவிடாமல் வைத்திருக்கிறீர்கள். நோயில் கிடக்கும் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. தாலி கட்டியவருக்கும் கிடையாது, கட்டிக்கொண்டவருக்கும் கிடையாது. இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாறுவதாகவும் இல்லை.

இன்று மாலையே அலமாரியைத் திறந்து அவருடையது எல்லாவற்றையும் அவர் கையில் கொடுங்கள். பாஸ்போர்ட்டோடு அனுமதி அட்டையையும் கொடுங்கள், அது இல்லாமல் அவர் ஜெர்மனிக்குள் திரும்பி வருவது பெரும்பாடு. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும் என்பதை ஒரு தகவலாகச் சொல்லுங்கள், மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். கொடுக்கும்போது நிபந்தனை வேண்டாம், அழுகையும் வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட்டையும் நீங்களே வாங்கி நீட்டாதீர்கள். அவர் வழியில் தொலைத்தால் தொலைக்கட்டும். ஹாம்பர்க்கிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, விண்ணப்பம் போட்டு அலைவது அவர் பாடு. நீ கேட்டதும் நான் கொடுத்திருக்க வேண்டும், பயத்தில் பூட்டி வைத்தேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். லாய் செய்யத் தவறியது அது.

அவர் திரும்ப வராமலும் போகலாம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது, ஆறு ஆண்டு சின்னக் காலம் இல்லை. வந்தால், வாடகை யார் கொடுப்பது, சொல்லாமல் வெளியே போவது இனி நடக்குமா என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது அவர் குறைகளைப் பட்டியல் போட்டு எழுதுங்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். சாவி உங்களிடம் இருக்கும்வரை அவர் உங்களோடு விரும்பி இருக்கிறாரா என்பது உங்களுக்கே தெரியப்போவதில்லை. உங்களுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த அம்மாவுக்கு என்ன உடம்பு என்று நீங்கள் எழுதவே இல்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.